பிரான்ஸஸ் கிளார்க் அம்மையார்

சங்கீதம் யாருடைய சொத்து என்ற கேள்வி நம் நாட்டில் புதிதல்ல. சபையில் சீட்டு வாங்கி முன்வரிசையில் உட்கார வசதியுள்ளவர்களின் சொத்தா? குருவின் வாசலில் பத்து வருஷம் காத்திருந்து பாடம் கேட்கக் கொடுத்து வைத்தவர்களின் சொத்தா? அல்லது பட்டிக்காட்டில் ஒற்றை வாத்தியார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைக்கும் அதில் உரிமைப் பங்கு உண்டா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பி, வாய்ச்சொல்லோடு நில்லாமல் செய்கையினாலும் விடை தேடிய ஓர் உபாத்தியாயினியின் சரித்திரத்தை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பிரான்ஸஸ் எலியட் கிளார்க் என்பது அவர் பெயர். அந்நாட்டுச் சங்கீத ஆசிரியர்கள் அவரைத் தங்கள் இயக்கத்தின் அன்னை என்று போற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் கிராமபோன் நுழைந்ததற்கும், பின்னர் ரேடியோ வழியே பிள்ளைகளுக்குச் சங்கீத பாடம் நடந்ததற்கும் பாதை வெட்டியவர்களில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் அவர். அவர் செய்த நன்மையை மட்டுமல்ல, அவருடைய முயற்சி எந்த இடத்தில் தடைப்பட்டது என்பதையும் நாம் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் அந்தத் தடை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல.

எழுத்து உண்டு, நூல் இல்லை

அம்மையார் 1860-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி பிறந்தவர். அவர் பிறப்பதற்கு இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்பே, 1838-ல், பாஸ்டன் நகரத்தார் லோவல் மேஸன் என்பவரின் முயற்சியால் பொதுப் பள்ளிக்கூடங்களில் சங்கீதத்தை ஒரு பாடமாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றோடு பாட்டும் பொதுப் பணத்தில் கற்பிக்கப்பட வேண்டிய விஷயமே என்ற கொள்கை அங்கே அவ்வளவு சீக்கிரத்தில் நிலைபெற்றது. அது அந்நாட்டாருக்குப் பெருமை தரத்தக்க விஷயம்.

ஆனால் கொள்கை ஒன்று, நடைமுறை வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பள்ளிக்கூடச் சங்கீதம் பெரும்பாலும் ஸ்வரக் குறிகளைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் வாயால் பாடும் பயிற்சியாகவே சுருங்கிவிட்டது. எந்த வகுப்பு எத்தனை வேகமாகக் குறிகளைப் படிக்கிறது என்பதே பரீட்சை. பிள்ளைகள் ஐந்து கோடுகளையும் அவற்றின் மேல் ஏறி இறங்கும் புள்ளிகளையும் நன்றாக அறிவார்கள். ஆனால் ஒரு மேதை இயற்றிய பெரிய உருப்படி ஒன்றைக்கூடக் காதால் கேட்டிருக்க மாட்டார்கள். அகரம் முதல் னகரம் வரை எழுத்துக்களைப் பிழையின்றி எழுதக் கற்று, ஒரு குறளையும் படிக்காமலே படிப்பை முடித்துக்கொள்ளும் மாணவனை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கப் பிள்ளைகளின் சங்கீதக் கல்வி அந்த நிலையில்தான் இருந்தது.

இதில் பிள்ளைகளையோ உபாத்தியாயர்களையோ குறை சொல்லிப் பயனில்லை. பெரிய வாத்தியக் கோஷ்டிகள் சில பெரிய நகரங்களில்தான் இருந்தன. மற்ற ஊர்களுக்கு அவை எப்போதாவது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஐயோவாவின் சோள வயல்களின் நடுவே வளரும் குழந்தை நியூயார்க் போய்ப் பத்து டாலர் செலவழித்துக் கச்சேரி கேட்க முடியுமா?

பத்து நிமிஷம்

கிளார்க் அம்மையார் இல்லினாய் மாகாணத்தின் மான்மத் என்ற சிற்றூரில் சங்கீதம் கற்பித்துவிட்டு, 1896-ல் ஐயோவா மாகாணத்தின் ஆட்டம்வா நகரப் பள்ளிகளின் சங்கீத மேற்பார்வையாளர் ஆனார். ஆட்டம்வா நிலக்கரிச் சுரங்கங்களும் இறைச்சித் தொழிற்சாலைகளும் சூழ்ந்த உழைப்பாளிகளின் ஊர். கலைக்குப் பேர் போன இடமல்ல.

அங்கேதான் அவர் தம் முதல் புது முயற்சியைத் தொடங்கினார். உயர்தரப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து பாடிப் பழகும் நேரத்திலிருந்து பத்து நிமிஷத்தை ஒதுக்கினார். அந்தப் பத்து நிமிஷத்தில் பாடச் சொல்லவில்லை. பாட்டைப் பற்றிப் பேசினார். இதை இயற்றியவர் யார், எந்த நாட்டவர், எப்படி வாழ்ந்தார், இந்த உருப்படியின் அமைப்பு என்ன என்பனவற்றை விளக்கினார். பாடத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கேட்கவும் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். பார்க்கப் போனால் சிறிய காரியம். ஆனால் பெரிய மாறுதல்கள் பலவும் இப்படிப் பத்து நிமிஷமாகத்தான் ஆரம்பிக்கின்றன.

குரல் வளமில்லாத பிள்ளையைச் சங்கீத வகுப்பிலிருந்து ஒதுக்கிவிடுவது எங்கும் உள்ள வழக்கம். நம் வீடுகளிலும் இவளுக்குச் சாரீரம் இல்லை என்று ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அத்துடன் அந்தக் குழந்தைக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு அறுந்து போகிறது. கேட்பதும் ஒரு வித்தை, அதையும் கற்பிக்கலாம், கற்பிக்க வேண்டும் என்ற கொள்கை ஏற்கப்பட்டால் ஒதுக்கப்பட்ட பிள்ளையும் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. கிளார்க் அம்மையாருடைய வேலையின் உயிர்நாடி இதுவே என்று கருதுகிறோம்.

கியோகக் மகாநாடு

1903-ல் அவர் விஸ்கான்ஸின் மாகாணத்தின் மில்வாக்கி நகரத்துக்கு மேற்பார்வையாளராகச் சென்றார். ஜெர்மானியர் பெருவாரியாகக் குடியேறிய நகரம் அது. பாட்டுச் சங்கங்கள் மலிந்திருந்தன. அங்கே அவர் பெற்ற செல்வாக்கு நாடெங்கும் பரவியது.

1906-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரைப் பூகம்பம் அழித்தது. அந்த வருஷம் அந்நகரில் கூடவிருந்த தேசியக் கல்விச் சங்கத்தின் மகாநாடு நின்றுபோயிற்று. மறு வருஷத்து மகாநாடு லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரில் என்று ஏற்பாடாயிற்று. மத்திய மாகாணங்களிலுள்ள ஏழைச் சங்கீத ஆசிரியர்களுக்கு அவ்வளவு தூரப் பிரயாணம் எளிதல்ல. ஆகையால் மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள கியோகக் என்ற ஊரில் சங்கீத மேற்பார்வையாளராக இருந்த பிலிப் ஹேடன், தம்மைப் போன்றவர்களைத் தம் ஊருக்கே வரும்படி அழைத்தார். 1907 ஏப்ரல் 10 முதல் 12 வரை அந்தக் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் சுமார் நூறு பேர். தலைமை வகித்தவர் கிளார்க் அம்மையார்.

அமெரிக்க ஸ்திரீகளுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல்தான் என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அதற்குப் பதின்மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஆடவரும் பெண்டிரும் கூடிய கல்வி மகாநாட்டை ஒரு ஸ்திரீ தலைமை தாங்கி நடத்தினார். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்ததுதான் அமெரிக்கச் சங்கீத ஆசிரியர்களின் தேசிய ஸ்தாபனம். பூகம்பத்தால் நின்றுபோன ஒரு கூட்டத்துக்கு ஈடாகக் கூடிய நூறு பேர், பிற்காலத்தில் பல்லாயிரம் பேர் சேர்ந்த ஒரு பெருஞ் சங்கத்துக்கு வித்திட்டார்கள்.

பேசும் இயந்திரம்

அந்தக் காலத்தில் கிராமபோன் கற்றோர் மதிக்கும் சாதனமாக இல்லை. எடிஸன் 1877-ல் பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். பெர்லினர் பத்து வருஷம் கழித்துத் தட்டில் ஒலியைப் பதியும் முறையை அமைத்தார். ஆயினும் பொதுஜனங்கள் அதைக் கண்டது பெரும்பாலும் கேளிக்கைக் கடைகளில். கேட்டது விகடப் பேச்சுக்களும் மலிவான பாட்டுக்களும். இதைப் பள்ளிக்கூடத்துக்குள் விடுவதா என்று உபாத்தியாயர்கள் முகஞ் சுளித்ததில் வியப்பில்லை.

மில்வாக்கியில் இருந்த கடைசி வருஷங்களில் கிளார்க் அம்மையார் அந்த இயந்திரத்தில் தேர்ந்த பாடகர்களின் தட்டுக்களைக் கேட்டார். தம் பத்து நிமிஷத்தில் எது குறைவாக இருந்ததோ அது இங்கே இருக்கிறதென்று கண்டுகொண்டார். இயற்றியவரைப் பற்றி வாயால் எவ்வளவு சொன்னாலும் பாட்டு காதில் விழாதவரை அது கரும்பைப் பற்றிய பேச்சே தவிரக் கரும்பாகாது. அவர் இயந்திரத்தைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போனார். ஆசிரியர்களைக் கூட்டிக் கேட்கச் செய்தார்.

இதை அறிந்த விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனியார் அவரைத் தங்களிடம் வரும்படி அழைத்தார்கள். நியூ ஜெர்ஸி மாகாணத்தில் காம்டன் நகரிலிருந்த அந்தக் கம்பெனி, குழாய்க்கு முன் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாயின் படத்தை முத்திரையாகக் கொண்டது. நம் தேசத்தில் விற்ற தட்டுக்களிலும் அதே நாயின் படம் இருந்ததைப் பழைய தலைமுறையார் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே அந்த முத்திரையை வைத்திருந்தது அதன் கூட்டாளியான இங்கிலீஷ் கம்பெனி. 1911-ல் அம்மையார் மில்வாக்கி உத்தியோகத்தை விட்டு, காம்டனில் புதிதாக ஏற்பட்ட கல்விப் பகுதியின் தலைமையை ஏற்றார். அப்போது அவர் ஐம்பது வயதை எட்டியிருந்தார்.

வந்தபின் தெரிந்த முதல் விஷயம், பிள்ளைகளுக்கு ஏற்ற தட்டுக்களே போதிய அளவில் இல்லை என்பது. புகழ்பெற்ற நாடகப் பாடகர்களின் தட்டுக்கள் ஏராளம். ஆனால் ஆறு வயதுக் குழந்தை சேர்ந்து பாடக்கூடிய பாட்டு எங்கே? ஆகையால் தொடக்கத்திலிருந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. குழந்தைப் பாட்டுக்களைத் தெளிவான குரலில், நிதானமான காலத்தில் பாடச் செய்து பதித்தார்கள். பல தேசத்துக் கிராமிய நடனங்களுக்குரிய இசையை, அந்த நடனங்களைத் திரட்டிக் கற்பித்த எலிஸபெத் பர்ச்சனால் அம்மையாரின் மேற்பார்வையில் பதித்தார்கள். வயலின், குழல், எக்காளம் முதலிய ஒவ்வொரு வாத்தியத்தின் ஓசையையும் பிள்ளைகள் தனித்தனியே அடையாளம் கண்டுகொள்ளும்படி தட்டுக்கள் வந்தன. ஆன் ஷா பாக்னர் என்ற அம்மையார் எழுதிய சங்கீத ரசனைப் பாடப்புத்தகத்தைக் கம்பெனியார் 1913-ல் வெளியிட்டார்கள்.

அதே சமயத்தில் பள்ளிக்கூடத்துக்கென்றே ஓர் இயந்திரமும் செய்யப்பட்டது. உறுதியான ஓக் மரப் பெட்டி. மேலே பெரிய மரக்குழாய். பாடம் முடிந்ததும் குழாயைக் கழற்றிக் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திப் பூட்டிவிடலாம். குறும்புப் பிள்ளைகளின் கை படாது. மின்சாரம் வேண்டியதில்லை; கைப்பிடியால் சாவி கொடுத்தால் போதும். ஆகவே விளக்கு வசதி இல்லாத ஓரறைப் பள்ளிக்கூடங்களிலும் அது பாடியது. ஒரு தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நான்கு நிமிஷம். பெரிய உருப்படிகளை வெட்டிச் சுருக்க வேண்டி வந்தது உண்மைதான். ஆயினும் ஒன்றுமே கேளாத காதுக்கு மூன்று நிமிஷம் பெரிய கொடை அல்லவா?

கம்பெனிக்குப் போனது சரியா?

இங்கே நேயர்களில் சிலர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். பொதுப் பள்ளியில் பொதுப் பணத்தில் வேலை செய்த ஆசிரியை, தட்டு விற்கும் வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது தகுமா? அவர் பள்ளிகளுக்குச் சொன்ன யோசனை ஒவ்வொன்றும் கம்பெனியின் விற்பனையைப் பெருக்கவில்லையா?

பெருக்கியது. இதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. கம்பெனியார் தர்மத்துக்காகக் கல்விப் பகுதி ஏற்படுத்தவில்லை. இன்று தட்டு கேட்கும் பிள்ளை நாளை தட்டு வாங்கும் குடும்பஸ்தன் என்ற கணக்கு எந்த வியாபாரிக்கும் தெரியும். ஆனால் மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மில்வாக்கியில் இருந்தவரை அம்மையாரின் கை ஒரு நகரத்துப் பிள்ளைகளைத்தான் எட்டியது. தட்டுக்களோ நாடெங்கும் உள்ள பள்ளிகளுக்குப் போயின. வெளி வியாபாரி ஒருவன் மனம்போனபடி செய்யக்கூடிய காரியத்தை, உள்ளே உட்கார்ந்து பிள்ளைகளின் நன்மைக்கு இசையும்படி திருப்பிவிட்டார். இந்த அளவில் அவர் செய்தது சரியென்றே நாம் கருதுகிறோம்.

எனினும் குறை இல்லாமல் இல்லை. இந்தச் சங்கீத ரசனை இயக்கம் ஐரோப்பிய மேதைகளின் சங்கீதத்தையே உயர்ந்த சங்கீதமாகக் கொண்டது. அமெரிக்க மண்ணில் நீக்ரோ ஜனங்களிடையே பிறந்து உலகத்தையே பின்னால் வசப்படுத்திய ஜாஸ் இசையை அது ஏளனம் செய்தது. முன் சொன்ன பாடப்புத்தகத்தை எழுதிய பாக்னர் அம்மையாரே 1921-ல் ஜாஸ் இளைஞர்களின் ஒழுக்கத்தைக் கெடுப்பதாகப் பத்திரிகையில் எழுதினார். தன் வீட்டு வாசலில் பாடும் பாட்டைக் கேட்கத் தெரியாமல் தூரதேசத்துப் பாட்டைத் தட்டில் வாங்கிக் கேட்பது எல்லா நாட்டிலும் உள்ள நோய். தமிழில் பாடுவதற்கு ஒரு கிளர்ச்சி வேண்டியிருந்து, 1943-ல் தமிழ் இசைச் சங்கம் அமைய நேர்ந்த நம் நாட்டில் இந்த நோயை நாம் அறியாமலில்லை.

ஆகாசப் பள்ளிக்கூடம்

1920-க்குப் பின் ரேடியோ பரவியது. தட்டை வாங்க வேண்டும்; அது உடையும், தேயும். ரேடியோவிலோ ஒரு வாத்தியக் கோஷ்டி ஓரிடத்தில் வாசித்தால் ஒரே நிமிஷத்தில் லட்சம் பிள்ளைகள் கேட்கலாம். கிளீவ்லாந்து நகரப் பள்ளிகளில் சங்கீத ரசனை கற்பித்த ஆலிஸ் கீத் அம்மையார் ரேடியோ வழியே பாடம் நடத்த முற்பட்டார். பின்னர் 1930-ல் கொலம்பியா ஒலிபரப்புக் கம்பெனியார் தொடங்கிய ஆகாசப் பள்ளிக்கு அவர் பெரும் பொறுப்பேற்றார். நாஷனல் பிராட்காஸ்டிங் கம்பெனியாரோ 1928 அக்டோபரில் வால்டர் டாம்ராஷ் என்ற வாத்தியக் கோஷ்டித் தலைவரைக் கொண்டு வாரந்தோறும் வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிகளுக்குச் சங்கீத பாடம் ஒலிபரப்பினார்கள். வயதுக்குத் தக்கபடி நான்கு வரிசைகள், ஆசிரியர்களுக்குக் கைப்புத்தகங்கள். 1929-ல் விக்டர் கம்பெனியும் ரேடியோ கார்ப்பொரேஷன் வசமாயிற்று. தட்டும் ரேடியோவும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

டாம்ராஷின் பாடத்தை வாங்கிக்கொள்ளக் காது வேண்டும். அந்தக் காதைப் பழக்கி வைத்தவர் யார்? வகுப்பில் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைத்து, எதைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி, கேட்டபின் அதைப் பற்றிப் பேசும் முறையை, இருபது வருஷங்களாகக் கிளார்க் அம்மையாரும் அவரைப் பின்பற்றிய ஆசிரியைகளும் நாடெங்கும் பரப்பியிருந்தார்கள். உழுது வைத்த நிலத்தில்தான் ரேடியோ விதைத்தது.

ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்வி இங்கேதான் தலைதூக்கியது. ஒலி அலைவரிசைகளில் நாலில் ஒரு பங்கைக் கல்வி முதலிய லாப நோக்கமற்ற காரியங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1934-ல் அமெரிக்க ஸெனட் சபையில் ஒரு திருத்தம் வந்தது. அது தோற்றது. கல்விக்குத் தாங்களே தாராளமாக நேரம் கொடுப்பதாகக் கம்பெனியார் வாதித்தார்கள். டாம்ராஷின் நிகழ்ச்சி 1942-ல் நின்றது. கொலம்பியாவின் ஆகாசப் பள்ளி 1948-ல் மூடப்பட்டது. நிறுத்துவதா நடத்துவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் ஆசிரியர்களிடம் இருக்கவில்லை. கொடுத்தவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு மாறான காட்சியும் அந்நாட்டிலேயே உண்டு. அம்மையார் கிராமபோனைக் கைக்கொண்ட விஸ்கான்ஸின் மாகாணத்தில், மாடிஸன் நகரத்து சர்வகலாசாலையின் ரேடியோ நிலையத்திலிருந்து 1931 முதல் பேராசிரியர் எட்கர் கார்டன் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடம் நடத்தினார். அங்கே பிள்ளைகள் வெறுமே கேட்கவில்லை. ரேடியோவோடு சேர்ந்து பாடினார்கள். வருஷ முடிவில் மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் மாடிஸனுக்கு வந்து, அதுவரை ஒருவரையொருவர் பார்த்திராத குழந்தைகள் ஒரே குரலாகப் பாடினார்கள். அந்த நிலையம் பொதுஜனங்களின் பணத்தில் நடந்தது. ஆகையால் கம்பெனிகளின் ஆகாசப் பள்ளிகள் மூடப்பட்ட பின்னும் அதன் பள்ளி நிகழ்ச்சிகள் நெடுநாள் நடந்தன.

கிளார்க் அம்மையார் இவை எல்லாவற்றையும் கண்டு, தொண்ணூற்றெட்டு வயது வரை வாழ்ந்து, 1958 ஜூன் மாதத்தில் காலமானார்.

நமக்குள்ள பாடம்

இந்த விஷயத்தில் சென்னை நகரம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் 1924-ல் தொடங்கிய ரேடியோ சங்கம் பணமில்லாமல் தளர்ந்தபோது, அதன் கருவியைச் சென்னை நகரசபை ஏற்று, 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒலிபரப்பு நடத்தியது. பள்ளி நாட்களில் மாலை நான்கு மணி முதல் நான்கரை வரை பிள்ளைகளுக்குச் சங்கீத பாடமும் கதைகளும் அதில் இடம் பெற்றன. 1938 ஜூனில் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் தொடங்கும் வரை நகரசபை இந்தத் தொண்டைச் செய்தது. அமெரிக்கக் கோடீசுவரக் கம்பெனிகள் தயவாகக் கொடுத்ததை, அன்னிய ஆட்சியின் கீழிருந்த ஒரு நகரசபை தன் கடமையாகச் செய்தது. நாம் இதை நினைத்துப் பெருமைப்பட்டால் தவறில்லை. பெருமைப்பட்டு, அத்துடன் மறந்துவிட்டால்தான் தவறு.

இன்று எந்தப் பாட்டையும் எந்தக் குழந்தையும் உள்ளங்கையில் வைத்துக் கேட்கலாம். கிளார்க் அம்மையார் பெட்டியில் பூட்டி வைத்த மூன்று நிமிஷ இசை இன்று எல்லையற்று ஓடுகிறது. ஆனால் இயந்திரம் பெருகியதனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. எந்தப் பாட்டு பிள்ளையின் காதில் முதலில் விழ வேண்டும் என்பதை உபாத்தியாயினி தீர்மானிக்கிறாளா, விற்பவன் தீர்மானிக்கிறானா? கேட்ட பாட்டைப் பற்றிப் பிள்ளையுடன் பேசுவதற்கு அந்தப் பத்து நிமிஷம் யாரிடம் இருக்கிறது?

ஆட்டம்வாவில் கிளார்க் அம்மையாரிடம் இயந்திரம் இருக்கவில்லை, பணம் இருக்கவில்லை, பத்து நிமிஷம் இருந்தது. அதை அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பின்னால் வந்த கிராமபோனும் ரேடியோவும் அந்தப் பத்து நிமிஷத்துக்குத் துணையாக வந்தவையே. நம் பள்ளிக்கூடங்களின் கால அட்டவணையில் பாட்டு வகுப்பு என்று எழுதியிருக்கும் இடத்தில் கணக்குப் பாடம் நடத்துவதை நிறுத்தி, அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுப்பார்களானால், அதுவே இந்த அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை. அதற்குக் கம்பெனியின் தயவு வேண்டியதில்லை. கல்வி அதிகாரிகளின் மனம் ஒன்று இருந்தால் போதும்.